சிவப்புக் கயிறு

பெரியவர் சுவரில் அடித்த செல்போனின் சில்லுகளை அண்ணி குனிந்து கூட்டிக்கொண்டிருந்த இடத்தில் போன வாரம் நாம் எழுந்து போய்விட்டோம். அவள் இன்னும் கூட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். கண்ணாடிச் சில் ஒரு தடவை கூட்டினால் போகிற ஜாதி இல்லை.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்துக்கு இந்தப் பக்கம் அண்ணன் பெரியவருடைய பெட்ரோல் பங்க். அந்தப் பக்கம் தம்பி சின்னவனுடையது. இரண்டையும் கட்டியவர் அப்பா. அவர் போனபிறகு பாகம் பிரிக்கையில் பெரியவர் மல்லுக்கட்டி இந்தப் பக்கத்தை வாங்கிக்கொண்டார். அப்போது கூட்டமெல்லாம் இங்கேதான்.

பிறகு இந்தப் பக்கத்து அரசு எரிபொருள் வரியை ஏற்றியது. பாலம் தாண்டினால் வேறு அரசு, அது ஏற்றவில்லை. அதே லாரியில் வரும் அதே பெட்ரோல் அக்கரையில் விலை குறைவு. வண்டி வைத்திருப்பவன் எவன் பாலம் தாண்டாமல் இருப்பான்? மல்லுக்கட்டி வாங்கிய பங்க்கில் பெரியவர் ஈ ஓட்டினார். பேசாமல் கிடைத்ததை எடுத்துக்கொண்ட சின்னவனின் வாசலில் திருவிழாக் கூட்டம். 'என்னை ஏமாற்றிவிட்டான்' என்று பெரியவர் முடிவு கட்டினார். வரி போட்டது தம்பியா என்று அவரிடம் கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்று இரண்டு வருஷம்.

அண்ணி என்றால் பெரியவரின் மனைவி. மைத்துனன் சின்னவன் மட்டுமல்ல, பங்க்கில் பெட்ரோல் போடுகிற பையன்கள், காற்று பிடிக்க வருகிறவர்கள் எல்லாருக்குமே அவள் அண்ணிதான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து பில் போடுவது அவள் வேலை. அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தபோது சின்னவன் அரை நிக்கர் போட்ட பையன். அவனுக்குச் சோறு ஊட்டி, ஷூவுக்கு நாடா கட்டி வளர்த்தவள். அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தனக்கென்று அவன் நினைக்கிற ஒரே மனுஷி அவள்தான்.

இன்று காலை அவனே போன் செய்தான். சாயங்காலம் ஆறு மணியோடு அக்கரையிலும் வரி ஏறுகிறது. அதற்குள் நிரப்பிக்கொள்ள ஊரே திரண்டு வரும்.

"அண்ணே, கூட்டம் தாங்காது. லாரி வேற இன்னிக்குத்தான் வருது. நீங்க கொஞ்ச நேரம் வந்து என்கூட நின்னா போதும்."

"என் வாசல்ல ஒரு நாய்கூட வரல. உன் வாசலுக்கு நான் காவலுக்கு வரணுமா?" என்று கத்திய பெரியவர் போனைச் சுவரில் அடித்தார். அதன் சில்லுதான் இது.

மத்தியானத்துக்குள் வரிசை பாலத்தை நிறைத்தது. பிறகு வால் இந்தப் பக்கம் இறங்கி, வேறு இடம் இல்லாதது போலப் பெரியவரின் பங்க் வாசலிலேயே வந்து நின்றது. நின்றவர்கள் சும்மாவும் நிற்கவில்லை. அவருடைய இலவசக் காற்றைப் பிடித்தார்கள். அவருடைய கழிப்பறைக்குப் போய் வந்தார்கள். ஒருவர் கண்ணாடி துடைக்க வைத்திருந்த வாளியை எடுத்துத் தன் கார் முழுவதையும் கழுவிவிட்டு, "தண்ணிய அடிக்கடி மாத்தக் கூடாதா சார்?" என்று புத்தியும் சொன்னார். எல்லாம் தம்பியிடம் பெட்ரோல் போடப் போகிற வழியில்.

பெரியவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்ததை அண்ணி உள்ளிருந்தே பார்த்தாள். இந்த மனுஷன் இன்று யாரையாவது அடிக்கப் போகிறார் என்று நினைத்தாள்.

வரிசையில் வாய்ச்சண்டை ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது.

"வரி போடாம ரோடு எங்கிருந்து வரும்? ஆஸ்பத்திரி எங்கிருந்து வரும்?" என்றார் ஸ்கூட்டரில் இருந்த வாத்தியார்.

"எந்த ரோடு சார்? நாம வந்தோமே, அந்த ரோடா?" என்றார் அவருக்குப் பின்னால் நின்ற டாக்ஸிக்காரர். "நான் ஒரு லிட்டர் போட்டா பாதி எனக்கு ஓடுது, பாதி அரசாங்கத்துக்கு ஓடுது. ஆனா பஞ்சர் ஆனா நான் மட்டும்தான் தள்றேன்."

"அப்படின்னா பஸ்ல போறதுதானே எல்லாரும்?"

"டாக்ஸிய என் தலையில வச்சுக்கிட்டா?"

தக்காளிக் கூடைகள் ஏற்றிய மினிலாரியில் இருந்தவன் சிரிக்கவில்லை. "உங்களுக்கெல்லாம் பேச்சு. டீசல் ஏறினா வாடகை ஏறும், வாடகை ஏறினா தக்காளி ஏறும். மார்க்கெட்ல எல்லாரும் என் சட்டையத்தான் பிடிப்பாங்க. வரி போட்டவன் சட்டைய எவன் பிடிக்கிறான்?"

"அதுக்காக வரியே வேணாம்னு சொல்றது பொறுப்பில்லாத பேச்சு" என்றார் வாத்தியார்.

மினிலாரிக்காரன் கீழே இறங்கி வந்து அவர் கன்னத்தில் அறைந்தான். எந்த முன்னறிவிப்பும் இல்லை. வாத்தியாரின் மூக்குக் கண்ணாடி பறந்துபோய் விழ, ஒரு பைக் அதன் மேல் ஏறி நகர்ந்தது. வாத்தியார் தரையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "பொறுப்பா? மத்தியானத்துலேருந்து சரக்கு வெயில்ல அழுகுது, எனக்குப் பொறுப்பு சொல்றியா?" என்று அவன் உதைக்கக் காலை ஓங்க, டாக்ஸிக்காரர்தான் இடுப்பைக் கட்டி இழுத்தார்.

அண்ணி எழுந்து தண்ணீர் பாட்டிலோடு வெளியே வந்தாள். அப்போதுதான் பாலத்துப் பக்கமிருந்து அந்தச் செய்தி வந்தது.

"கயிறு கட்டிட்டானாம்! பங்க்கை மூடிட்டானாம்!"

அண்ணிக்கு உடனே புரிந்தது. லாரி வந்துவிட்டது.

இது அந்தக் குடும்பத்துக்கு மட்டுமே உள்ள வழக்கம். டேங்கர் லாரி வந்து தரைக்கு அடியில் உள்ள தொட்டியில் குழாயைச் செருகிவிட்டால், பங்க்கின் இரண்டு வாசலிலும் சிவப்புக் கயிறு கட்டிவிட வேண்டும். இறக்கி முடிகிறவரை ஒரு வண்டி உள்ளே வரக் கூடாது. முடிந்த பிறகும் தொட்டிக்குள் பெட்ரோல் அலை அடங்குவதற்கு அரை மணி விட வேண்டும். சின்ன வயதில் லாரியிலிருந்து பெட்ரோல் இறங்கும்போது ஒரு பங்க் எரிந்ததில் சிக்கியவர் அப்பா. தோளிலிருந்து முழங்கை வரை அவர் தோல் சுருங்கிக் கிடக்கும். அதைக் காட்டித்தான் பிள்ளைகளுக்குக் கயிறு கட்டச் சொல்லிக்கொடுத்தார்.

மற்ற பங்க்குகளில் இவ்வளவு பார்ப்பதில்லை. ஒரு பக்கம் லாரி இறங்கும், மறுபக்கம் வியாபாரம் நடக்கும். வரி ஏறப்போகிற கடைசி நேரத்தில், ஊரே வாசலில் நிற்கும்போது, கயிறு கட்டுகிற அசட்டுத்தனம் அந்த அப்பாவின் பிள்ளைக்குத்தான் வரும்.

மினிலாரிக்காரன் நேராகப் பெரியவரிடம் வந்தான்.

"சார், அந்த பங்க் உங்க தம்பியோடதுதானே? லாரி உள்ள நிக்குதாம், இவரு கயிறு கட்டி எல்லாரையும் வெளியே நிறுத்திட்டாராம். ஆறு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூட இல்ல. எதுக்கு சார் நிறுத்தினாரு?"

பெரியவருக்குக் காரணம் தெரியும். 'லாரி இறங்குதுப்பா, முடிஞ்சதும் திறந்துடுவான்' என்று சொல்லியிருந்தால் அவன் தலையைச் சொறிந்துகொண்டு போயிருப்பான்.

பெரியவர் தன் அழுக்கு வாளியைப் பார்த்தார். காலியாகக் கிடந்த தன் பங்க்கைப் பார்த்தார்.

"ஆறு மணிக்கு மேல வித்தா யாருக்கு லாபம்? நீயே யோசிச்சுக்கோ" என்றார்.

"அப்போ பதுக்குறானா?"

"நான் என்னத்தக் கண்டேன்."

அவன் முகம் மாறியதை அண்ணி பார்த்தாள். மினிலாரிக்குத் திரும்பி, சீட்டுக்கு அடியில் கையை விட்டு, டயர் கழற்றும் இரும்பு ஸ்பானரை எடுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி நடந்தான். போகிற வழியெல்லாம் கார் கதவுகளைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொண்டே போனான்.

"என்னங்க இது? எதுக்கு அப்படிச் சொன்னீங்க?"

"என்ன சொன்னேன்? ஒண்ணும் சொல்லலையே."

"லாரி இறங்குதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"உள்ள போய் உன் வேலையப் பாரு."

"வெட்கமா இல்ல உங்களுக்கு?" என்றாள் அண்ணி. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் அவள் இப்படிக் கேட்டதில்லை. பதிலுக்கு நிற்காமல் பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

பாலத்தில் வண்டிகளுக்கு நடுவே ஒருக்களித்து ஒருக்களித்து ஓட வேண்டியிருந்தது. பெரியவரின் வார்த்தை அவளை முந்திக்கொண்டு போயிருந்தது. பாலத்தின் ஆரம்பத்தில், "அவங்க அண்ணனே சொல்லிட்டாராம்" என்றார்கள். நடுப் பாலத்தில், "உள்ள வேலை பாக்குற பையன் சொன்னானாம், ரெண்டு லாரி சரக்கப் பதுக்கிட்டானாம்" என்றார்கள். இறக்கத்தில், "டிவியிலயே காட்டிட்டாங்களாம்" என்றார் ஒருவர். சொல்லிக்கொண்டே அவர் தன் பைக் செயினைச் சுற்றிக் கையில் கட்டிக்கொண்டிருந்தார்.

"பொய்ங்க! லாரி இறங்குது, அவ்வளவுதான்!" என்று அண்ணி கத்தினாள். நூறு ஹாரன்களுக்கு நடுவில் அது யார் காதில் விழும்?

அவள் போய்ச் சேரும்போது சிவப்புக் கயிறு அறுந்து தரையில் கிடந்தது.

ஆபீஸ் கண்ணாடியை உடைத்து உள்ளே போனவர்கள் நாற்காலிகளை வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் பம்ப்பின் குழாயைப் பிடுங்கி அதனாலேயே பம்ப்பை அடித்தான். பெட்ரோல் போடும் பையன் ஒருவன் தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சுருண்டு கிடந்தான். லாரி டிரைவர் எப்போதோ ஓடிவிட்டார்.

சின்னவன் மட்டும் ஓடவில்லை. லாரிக்கும் தொட்டிக்கும் நடுவே கிடந்த தடித்த குழாயின் மேல் குப்புறப் படுத்து, அதைக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் முதுகில் ஹெல்மெட்டாலும் காலாலும் மாறி மாறி அடி விழுந்தது. உதடு கிழிந்திருந்தது, ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. அவன் தன்னை அடிக்க வேண்டாம் என்று கெஞ்சவில்லை.

"வண்டிய அணைங்க! இஞ்சின அணைங்க! குழாய இழுக்காதீங்க, எல்லாரும் எரிஞ்சிடுவோம்!"

இழுத்தார்கள். நாலு பேர் சேர்ந்து இழுத்ததில் குழாய் தொட்டியின் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தது. பெட்ரோல் பீறிட்டுத் தரையெங்கும் பாய்ந்தது. மலிவான பெட்ரோலுக்காகக் காலையிலிருந்து வெயிலில் நின்றவர்களின் செருப்புக்கு அடியில் அது இலவசமாக ஓடியது. ஒருவன் உடனே கேனை நீட்டிப் பிடித்தான். அவனைத் தள்ளிவிட்டு இன்னொருவன் பிடித்தான்.

அண்ணி கூட்டத்துக்குள் புகுந்தாள். யாருடைய முழங்கையோ அவள் வாயில் இடித்தது, உப்புக் கரித்தது. சின்னவனின் சட்டைக் காலரை அவள் எட்டிப் பிடித்தபோது, முதுகுக்குப் பின்னால் உஸ் என்று பெரிய சத்தம் கேட்டது.

எல்லாம் வெள்ளையாகிவிட்டது.

பெரியவர்! தன் பங்க்கின் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு பாலம் முழுவதும் ஓடி வந்திருந்தார். மூச்சு இரைக்க, கூட்டத்தின் முகத்தைப் பார்த்து வெள்ளைப் பொடியைப் பீய்ச்சினார். கண்ணைக் கசக்கி இருமிக்கொண்டு கூட்டம் பின்வாங்கியது. பின்வாங்காத ஒருவனின் விலாவில் காலிச் சிலிண்டராலேயே இடித்தார். எலும்பு முறிகிற சத்தம் அண்ணிக்குக் கேட்டது.

"வால்வு!" என்று கத்தினார் பெரியவர். இரண்டு வருஷத்துக்குப் பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை அது.

சின்னவன் தவழ்ந்துபோய் லாரியின் வால்வைத் திருகினான். "மூடிட்டேன்ணே!"

"மணல்!"

சிவப்பு வாளிகளிலிருந்த மணலை அண்ணனும் தம்பியும் ஓடும் பெட்ரோலின் மேல் அள்ளிக் கொட்டினார்கள். ஒருவர் கொட்ட, மற்றவர் காலால் அணைகட்ட, அப்பா எதிரில் நின்று அதட்டுகிற மாதிரி வேலை நடந்தது. அந்தக் கொஞ்ச நேரம் அண்ணிக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான் வந்தது.

பொடிப் புகைக்குள்ளிருந்து மினிலாரிக்காரன் வந்ததை மூன்று பேருமே பார்க்கவில்லை. குனிந்து மணல் வாரிக்கொண்டிருந்த சின்னவனின் பின்மண்டையில் ஸ்பானர் இறங்கியது.

சின்னவன் சத்தமே போடவில்லை. மணலின் மேல் முகம் பதிய விழுந்தான். மணல் சிவந்தது.

பெரியவர் மினிலாரிக்காரனின் மேல் பாய்ந்து அவனைத் தரையில் சாய்த்தார். மார்பில் ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அடித்தார். மூக்கு உடைந்தது. அவர் நிறுத்தவில்லை. அவன் ரத்தத்தைத் துப்பிவிட்டு, குழந்தை மாதிரி அழுதுகொண்டே கேட்டான்.

"என்னை எதுக்குய்யா அடிக்கிற? நீதானேய்யா சொன்ன?"

பெரியவரின் கை காற்றில் நின்றது.

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். சின்னவனின் தலையை மடியில் போட்டு, முந்தானையால் காயத்தை அழுத்திக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

பிறகு அந்தக் கை இறங்கியது. கீழே கிடந்த சிலிண்டரை எடுத்து, அவன் வாயிலேயே அடித்தார். தாடை கோணிக்கொண்டு போயிற்று. அதன்பிறகு அவனிடமிருந்து வார்த்தை வரவில்லை, ஒரு முனகல்தான் வந்தது.

அந்தக் கடைசி அடி தம்பிக்காகவா, இல்லை அந்த வாய்க்காகவா? இந்தக் கேள்வி அண்ணியின் மனதில் வந்து உட்கார்ந்தது. அது எழுந்து போகிற மாதிரி தெரியவில்லை.

ஆம்புலன்ஸ் வர வழி இல்லை. பாலம் முழுக்க வண்டி. பெரியவர் தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். "வழி விடுங்க, வழி விடுங்கப்பா" என்று கெஞ்சிக்கொண்டே நடந்தார். ஹாரன் அடித்தவர்கள் நிறுத்தினார்கள். கையில் சுற்றிய செயினை ஒருவர் அவிழ்த்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தார். ஆறு மணி எப்போது அடித்தது என்று யாருக்கும் தெரியாது. அக்கரையிலும் விலை ஏறிவிட்டது.

வரிசையின் வாலில் டாக்ஸிக்காரர் கதவைத் திறந்தார். "ஏத்துங்க சார். ஆனா வண்டியில எண்ணெய் இல்ல. முள்ளு காலையிலேயே படுத்துடுச்சு."

பெரியவரே தன் பங்க்கில், தன் கையால் அதை நிரப்பினார். அவசரத்தில் பாதி கீழே போயிற்று. நாள் முழுக்க அவர் பங்க்கில் பெட்ரோல் போட்ட வண்டி அது ஒன்றுதான்.

பின்சீட்டில் அண்ணியின் மடியில் கிடந்த சின்னவன் ஒரு தடவை கண்ணைத் திறந்தான்.

"அண்ணி... கயிறு கட்டினது சரிதானே?"

"சரிதான்டா. பேசாத."

"அப்பா சொன்னபடிதான்... எல்லாரும் ஏன் அப்படிக் கோபப்பட்டாங்கன்னு... அண்ணனுக்குத் தெரியுமா?"

முன்சீட்டில் இருந்த பெரியவர் திரும்பவில்லை. அவர் பின்கழுத்தில் வெள்ளைப் பொடியும் வேர்வையும் சேர்ந்து வழிந்தன. "கண்ண மூடிக்கோ" என்று அண்ணி சின்னவனின் கண்ணைத் தன் கையால் மெல்லப் பொத்தினாள்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். பிழைப்பானா என்று கேட்டதற்கு, "விடிஞ்சாதான் சொல்ல முடியும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் போய்விட்டார். அடுத்த அறையில் மினிலாரிக்காரனின் தாடையைக் கம்பி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

நடைபாதை பெஞ்சில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரு ஆள் இடைவெளி விட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தார் பெரியவர்.

"பேசாதீங்க" என்றாள் அண்ணி.

இன்ஸ்பெக்டர் வந்தார். தொப்பியைக் கழற்றிவிட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

"நாப்பது பேரைப் பிடிச்சு வச்சிருக்கோம். ஒருத்தன் டிவிங்கிறான், ஒருத்தன் பங்க் பையன்ங்கிறான். அடிச்சவனால வாயைத் திறக்க முடியல. பதுக்கல்னு முதல்ல யாரோ கிளப்பிவிட்டிருக்காங்க. அந்த ஆள் கிடைச்சா அவன விடமாட்டேன்." பெரியவரின் சட்டையில் இருந்த ரத்தத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "தம்பிக்காக உயிரைக் கொடுத்துச் சண்டை போட்டிருக்கீங்க, சார். உங்கள மாதிரி அண்ணன் கிடைக்கணும்."

பெரியவர் தரையைப் பார்த்தார். கண்ணீர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. அவருடைய இடது கை மெதுவாக நகர்ந்து வந்து, பெஞ்சில் இருந்த மனைவியின் கையைப் பிடித்தது. இத்தனை வருஷத்தில் நாலு பேர் எதிரில் அவர் அவள் கையைப் பிடித்ததில்லை.

"அம்மா, நீங்க அங்கேயேதான் இருந்திருக்கீங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "யார் முதல்ல சொன்னாங்கன்னு உங்க காதுல ஏதாவது விழுந்துச்சா?"

சாத்திய கதவை ஒரு தடவை பார்த்தாள் அண்ணி. பிறகு தன் கையை அவர் பிடியிலிருந்து உருவிக்கொண்டாள்.

"விழுந்துச்சு" என்றாள்.